பெரிய சக்கரத்து ஆசை

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வாசலில் காரோ ஜீப்போ நின்றால், கொஞ்சம் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். கம்பெனி பெயருக்குக் கீழே, ஏதோ பஸ் டிக்கெட் நம்பர் மாதிரி ஒரு வரி இருக்கும். உதாரணமாக, 265/65 ஆர் 17. நாம் மாசாமாசம் பெட்ரோல் விலையைப் பார்க்கிறோம், மைலேஜைப் பார்க்கிறோம். இந்த வரியை மட்டும் டயர் மாற்றும் நாள் வரை யாரும் படிப்பதில்லை!

அந்த வரியில் சொல்வது இதுதான். டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். ரிம்முக்கு மேலே ரப்பர் நிற்கும் உயரம், அந்த அகலத்தில் 65 சதவிகிதம். 'ஆர்' என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆமாம், ஒரே வரியில் பாதி மில்லிமீட்டர், பாதி அங்குலம்! கூட்டிக் கழித்தால் சக்கரத்தின் முழு உயரம் 776 மில்லிமீட்டர். திருவள்ளூரில் பூட்டப்பட்ட மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் வண்டியின் டயர் அளவு இது.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வாங்கியவருக்கு ஆறு மாசத்தில் ஒரு ஆசை வரும். 'கம்பெனி போட்ட டயர் கொஞ்சம் சின்னதா இருக்கே... ஒரு சைஸ் பெரிசா போட்டா கம்பீரமா இருக்குமே!' டயர் கடையிலும் தட்டாமல் போட்டுக் கொடுப்பார்கள். வண்டி சும்மா கிண்ணென்று நிற்கும். ஆனால், அந்த 776 என்ற எண் சும்மா வந்ததில்லை. அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. கதையின் கடைசி அத்தியாயங்கள் நடப்பது நம்ம திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் என்பதுதான் வேடிக்கை.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம்.

1870-களில் அங்கே ஒரு சைக்கிள் ஓடியது. படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ராட்சதச் சக்கரம், பின்னால் கைக்கடக்கமாக ஒரு குட்டிச் சக்கரம். ஏன் அப்படி? அழகுக்காக இல்லை சார். அந்த சைக்கிளில் செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே மாட்டியிருக்கும். ஒரு தடவை மிதித்தால் சக்கரம் ஒரே ஒரு சுற்று. அப்படியானால் வேகமாகப் போக என்ன வழி? சக்கரத்தைப் பெரிசாக்குவதுதான்! ஒரு சுற்றில் அதிக தூரம் போகும் அல்லவா? காலுக்கு எட்டுகிற வரைக்கும் சக்கரத்தை வளர்த்துக்கொண்டே போனார்கள்.

விளைவு? ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட சக்கரத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருப்பார். வழியில் ஒரு கல் தட்டினால் போதும், தலைகுப்புற முன்னால் போய் விழுவார். மேட்டில் ஏற்றவும் முடியாது. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் வைத்து, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் நிம்மதியாக மிதிக்க ஆரம்பித்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சக்கரத்தின் அளவும் ஒரு கியர்தான். சக்கரத்தை மாற்றுகிறவர், தனக்கே தெரியாமல் கியரையும் மாற்றுகிறார். பெரிய சக்கரம் போட்டால், ஒவ்வொரு கியரும் கொஞ்சம் 'உயர்ந்த' கியராகிவிடும். சமதளத்தில் சுகம். மேடு வந்தால் மூச்சு வாங்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து பிரான்ஸ்.

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். (தாம்சன் என்பவர் 1840-களிலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது அப்போது டன்லப்புக்குத் தெரியாது!) அதை ஒட்டினால் ஒட்டினதுதான், பஞ்சரானால் கழற்றுவது பெரும்பாடு. பிரான்சில் ஆந்த்ரே, எத்வார் என்ற மிஷெலின் சகோதரர்கள் 1891-ல் சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் கார் பந்தயத்தில், காற்றடைத்த டயர் மாட்டிய காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் பஞ்சர்! ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். 'காரின் பாரத்தைக் காற்று தாங்குமா?' என்று சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மிஷெலின் கதையில் நமக்கு வேண்டிய திருப்பம் 1934-ல் வருகிறது. ஆந்த்ரே சிட்ரோயன் என்ற கார் முதலாளி, புதுப்புது யோசனைகளுக்குப் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்துத் திவாலானார். அவருக்கு அதிகம் கடன் கொடுத்திருந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? டயர் சப்ளை செய்த மிஷெலின்! கார் கம்பெனியே டயர் கம்பெனியின் கைக்கு வந்தது. டயர்க்காரர்கள் கார் செய்ய உட்கார்ந்தார்கள்.

அப்போது பிறந்த திட்டம்தான் பிற்பாடு '2சிவி' என்று பெயர் வாங்கிய குட்டிக் கார். மிஷெலினிலிருந்து வந்து சிட்ரோயனை நடத்திய பியர் பூலான்ஷே போட்ட நிபந்தனை பிரபலமானது. ஒரு விவசாயி கூடை நிறைய முட்டையை வைத்துக்கொண்டு, உழுத வயலில் இந்தக் காரை ஓட்ட வேண்டும். ஒரு முட்டைகூட உடையக் கூடாது! 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கார் வெளியே வந்தது. அதே வேளையில், டயர் பிரிவு ஒரு புரட்சியே செய்துகொண்டிருந்தது. டயருக்குள் இருக்கும் நூல்களைக் குறுக்கு மறுக்காகப் போடாமல், விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போட்டு, மேலே எஃகுப் பட்டை சுற்றினார்கள். அதுதான் ரேடியல். 1946-ல் காப்புரிமை, 1949-ல் விற்பனை. இன்று உங்கள் டயரில் இருக்கும் அந்த 'ஆர்' எழுத்தின் பூர்வீகம் இதுதான்.

காரும் டயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக, ஒருவர் அளவுக்கு மற்றவர் வளர்ந்தார்கள். ஸ்பிரிங் எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும், டயர் எவ்வளவு நெளிய வேண்டும் என்று ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச முடிந்தது. டயர் என்பது கார் தயாரான பிறகு மாட்டும் செருப்பு இல்லை. காரின் ஓர் உறுப்பு.

சரி, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு வருவோம். இங்கேதான் டயர் அளவு நிஜமாகவே தலைவலியாகிறது.

நம்ம ஊர் கட்டை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கச் சக்கரம் பெரிசு, மறுபக்கம் சின்னது என்று மாட்டினால் என்ன ஆகும்? மாடு எவ்வளவு நேராக இழுத்தாலும் வண்டி ஒருபக்கமாகவே ஒதுங்கும். இருந்தாலும் கட்டை வண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றுகின்றன, ஆகையால் ஒன்றும் உடையாது. மோட்டார் வண்டியில் இன்ஜின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிறதே! வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கம் குறைவாக. இதைச் சமாளிக்கத்தான் 'டிஃபரன்ஷியல்' என்ற பல்சக்கரப் பெட்டி. அண்ணன் தம்பி இருவருக்கும் சோறு சமமாகப் போட்டு, அவரவர் வேகத்தில் சாப்பிடவிடுகிற அம்மா மாதிரி.

நாலு சக்கரமும் இழுத்தால்? முன்சக்கரங்கள் இரண்டும் வளைவில் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் அடிக்கும். இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலும் ஒரு சமாதானம் தேவை. இரண்டாம் உலகப் போரில் பிறந்த ஜீப்பில் அது கிடையாது. முன்னும் பின்னும் ஒரே தண்டாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் பரவாயில்லை, சக்கரம் கொஞ்சம் வழுக்கி வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில்? வழுக்க முடியாது. முறுக்கம் ஏறிக்கொண்டே போய், தண்டையும் பல்லையும் பதம் பார்க்கும். அதனால்தான் பழைய ஜீப் டிரைவர்கள், 'தார் ரோட்டுக்கு வந்தா மொதல்ல முன் கியரை எடுத்துடு' என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்தச் சிக்கலுக்கு சிட்ரோயன் ஒரு பதில் சொன்னது பாருங்கள், அதைப் போலக் கிறுக்குத்தனமான, ஆனால் சுத்தமான பதில் வேறு கிடையாது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எண்ணெய் தேடுகிறவர்களையும் மனதில் வைத்து, 2சிவி காரில் '2சிவி சஹாரா' என்று ஒன்றைச் செய்தார்கள். 1958-ல் காட்டினார்கள், 1960-களில் விற்றார்கள். அதில் இரண்டு இன்ஜின்! முன்னால் ஒரு 425 சி.சி., பின்னால் இன்னொரு 425 சி.சி. சாவியும் இரண்டு, பெட்ரோல் டேங்கும் இரண்டு. முன் இன்ஜின் முன்சக்கரங்களை இழுக்கும், பின் இன்ஜின் பின்சக்கரங்களைத் தள்ளும். நடுவில் தண்டே கிடையாது. முன்னும் பின்னும் சண்டை போட வழியே இல்லை!

நம் விஷயத்துக்கு முக்கியமான சமாசாரம் இனிமேல்தான். சஹாராவில் சாதாரண 2சிவியைவிடப் பெரிய டயர் போட்டார்கள். ஆம், நாலு சக்கரமும் இழுக்கும் காருக்குப் பெரிய டயர். கம்பெனியே செய்தது. ஆனால் எப்படிச் செய்தது? பெரிய சக்கரம் உரசாமலிருக்கப் பின்பக்க மட்கார்டை வெட்டி மாற்றினார்கள். உள்ளே இடம் இல்லாததால் ஸ்டெப்னியைத் தூக்கி பானெட் மேலே வைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர். அதாவது, டயரைப் பெரிசாக்கியவர்கள் காரையும் கூடவே மாற்றினார்கள். மொத்தமே சுமார் 700 வண்டிகள்தான் செய்தார்கள். விலை அதிகம். இன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

'ஸ்டெப்னி' என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் இவ்வளவு உரிமையாகச் சொல்கிற இந்த வார்த்தை, வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர்! 1904-ல் அங்கே ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளும் மாற்றுச் சக்கரத்தை விற்றார்கள். இங்கிலாந்தே அந்தப் பெயரை மறந்துவிட்டது. சென்னைப் பஞ்சர் கடையில் மட்டும் அது சாகாமல் வாழ்கிறது.

இனி திருவள்ளூர். 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனபோதே, அதன் எல்லைக்குள் சக்கரத்தின் சரித்திரமே இருந்தது எனலாம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் விஜயந்தா டாங்க் வெளிவந்த இடம், டயரே இல்லாமல் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி. அம்பத்தூரில் 1959-ல் தொடங்கிய டன்லப் டயர் தொழிற்சாலை. திருவொற்றியூரில், 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாக கே.எம்.மம்மன் மாப்பிள்ளை ஆரம்பித்து டயர் கம்பெனியாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். (அம்பத்தூரும் திருவொற்றியூரும் பிற்பாடு சென்னையோடு சேர்ந்துவிட்டன.)

திருவள்ளூர் ஊருக்குப் பக்கத்தில் பிர்லாக்களின் இந்துஸ்தான் மோட்டார்ஸ். 'அம்பாஸடர் கம்பெனி' என்று நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் இங்கே முதலில் செய்தது கார் இல்லை, மண் வெட்டும், மண் சுமக்கும் ராட்சத எந்திரங்கள். அந்தப் பிரிவு பிறகு அமெரிக்கக் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்குப் போனது. சுரங்கத்தில் ஓடும் டிப்பர்களின் சக்கரம் ஓர் ஆளைவிட உயரம். 'பெரிய டயர்' ஆசை உள்ளவர்கள் ஒருமுறை அதன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த டயருக்கு ஏற்ற பிரேக், அந்த டயருக்கு ஏற்ற அச்சு, அந்த டயருக்கு ஏற்ற இன்ஜின். எதுவும் தனியாகப் பெரிசாகவில்லை.

1998-ல் அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து திருவள்ளூரில் லான்சர் காரைச் செய்யத் தொடங்கியது. பின்னாலேயே பஜேரோ வந்தது. 2008-ல் அவுட்லேண்டர், 2012-ல் பஜேரோ ஸ்போர்ட்.

பஜேரோ சாதாரண ஆள் இல்லை. மிட்சுபிஷி 1953-லிருந்தே லைசென்ஸ் வாங்கி ஜீப் செய்த கம்பெனி. 1982-ல் பஜேரோவைக் கொண்டுவந்தது. உலகத்திலேயே கொடுமையான பந்தயம் என்று பெயரெடுத்த டக்கார் ராலியில் 1985-ல் முதல் வெற்றி. மொத்தம் 12 தடவை. அதில் 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு!

1991-ல் இரண்டாம் தலைமுறை பஜேரோவில் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியலை வைத்து, அதோடு வட்டத் தகடுகளும் சிலிகான் திரவமும் நிரம்பிய ஒரு டப்பாவைச் சேர்த்தார்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றினால் அது சும்மா இருக்கும். ஒன்று வழுக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றினால், திரவம் சூடாகி இறுகி இரண்டையும் கட்டிப்போடும். ஜீப்பில் செய்யக் கூடாது என்று சொன்னதை, அதாவது நாலு சக்கர இழுவையோடு தார் ரோட்டில் ஓட்டுவதை, இதில் செய்யலாம். அவுட்லேண்டரில் அந்த வேலையை மின்சாரத்தால் இயங்கும் ஒரு கிளட்ச் பார்த்துக்கொண்டது.

இந்த ஏற்பாடு முழுவதும் நம்பியிருப்பது ஒரே ஒரு விஷயத்தை. நாலு டயரும் ஒரே உயரம்!

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? முன்பக்க டயர் இரண்டையும் மட்டும் புதுசாகப் போடுகிறீர்கள். பின்பக்கம் பழசு. புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பட்டன் இருக்கும். சட்டம் சொல்லும் கடைசி அளவான 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்தது என்று வைத்துக்கொண்டால், விட்டத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர். கிலோமீட்டருக்குப் பின்சக்கரம் 7 சுற்று அதிகம் சுற்ற வேண்டும். திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு வந்து சேர்வதற்குள் முந்நூறு சுற்று! அந்த சிலிகான் டப்பா என்ன நினைக்கும்? 'ஐயோ, வண்டி வழுக்குகிறது' என்று நினைத்து, வழி முழுக்கச் சூடாகிக்கொண்டே வரும். நாலு சக்கர இழுவைக்குப் பேர் போன சுபாரு கம்பெனி, நாலு டயரின் சுற்றளவிலும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கால் அங்குலச் சுற்றளவு என்றால், பட்டனில் வெறும் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம்!

தேய்மானத்துக்கே இந்தக் கதி. ஸ்டெப்னி மட்டும் பழைய சின்ன அளவில் இருந்து, ஓடுகிற நாலும் பெரிசாக இருந்தால்? பஞ்சர் ஆன அன்றைக்கு வண்டி படும் பாட்டை யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய டயருக்கு மாறுகிறவர்கள் நாலு வாங்குகிறார்கள். ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள்.

'சரி சார், ஐந்தும் பெரிசாகவே வாங்குகிறேன். அப்போ பிரச்னை இல்லையே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் தப்பித்துக்கொள்ளும். மற்றவை?

265/65 ஆர் 17-க்குப் பதில் 265/70 ஆர் 17 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 776-லிருந்து 803 மில்லிமீட்டர் ஆகும். 3.4 சதவிகிதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட 3.3 சதவிகிதம் குறைவாகக் காட்டும். கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படி வைப்பது வழக்கம் என்பதால், இது பெரிதாகத் தெரியாது. 285/70 ஆர் 17-க்குப் போனால் 7 சதவிகிதம். மீட்டரில் 100 என்று பார்த்து நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, வண்டி ஓடுவது 107-ஐ ஒட்டி இருக்கலாம். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகப் பதிவாகும். ஆயில் மாற்றும் நாள் தள்ளிப்போகும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு, உண்மையில் குறைந்தது கணக்கில்தான்!

மீட்டர் போகட்டும், பிரேக்குக்கு வாருங்கள். பெரிய சக்கரம் என்றால் பிரேக்குக்கு எதிராக நீளமான நெம்புகோல். அதே பிரேக், அதே மிதி, ஆனால் நிறுத்த அதிக பலம் வேண்டும். டயரும் ரிம்மும் கனமாக இருந்தால், சுற்றும் பாரமும் சேர்ந்துகொள்ளும். பூண்டி பக்கம் மழையில் போகும்போது குறுக்கே ஒரு ஆடு வந்தால், பழைய தூரத்தில் வண்டி நிற்கும் என்று உங்கள் கால் நம்பிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். பிரேக்கையும் வழுக்கலையும் கவனிக்கும் கம்ப்யூட்டரும் பழைய அளவை நினைத்தே கணக்குப் போடும். கூடவே, அந்தப் பழைய சைக்கிள் பாடம். எல்லா கியரும் 'உயர்ந்த' கியராகிவிட்டன. மேட்டில் மூச்சு வாங்கும்.

இவ்வளவுக்கும் கிடைத்த லாபம் என்ன? வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்தது? விட்டம் 27 மில்லிமீட்டர் கூடினால், அச்சு உயர்வது அதில் பாதி. வெறும் 13 மில்லிமீட்டர். சுண்டு விரல் அகலம்!

பாலைவனத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். மணலில் சிக்கினால் அவர்கள் செய்யும் முதல் வேலை காற்றைக் குறைப்பது. காற்று இறங்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும். வண்டியின் பாரம் பரவும், மணலில் புதையாது. கெட்டித் தரைக்கு வந்ததும் மறுபடி காற்று அடித்துக்கொள்வார்கள். அதை மறந்து காற்றில்லாத டயரோடு வேகமாகப் போனால், டயர் சூடாகிக் கிழிந்துவிடும்.

தோற்றத்துக்காகத்தான் பெரிய ரிம் வேண்டும் என்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. ரிம்மை ஒரு அங்குலம் பெரிசாக்கி, ரப்பரின் உயரத்தைக் குறைத்துவிடுங்கள். 265/60 ஆர் 18 போட்டால் மொத்த உயரம் 775 மில்லிமீட்டர். பழைய அளவுக்கும் இதற்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பாரம் தாங்கும் குறியீடும் வேகக் குறியீடும் கம்பெனி சொன்னதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரப்பர் மெலிந்ததால் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கு அடி அதிகம் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

சட்டமும் இதில் மூக்கை நுழைக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டைகளைத்தான். உங்கள் மாடலுக்கு, மேல் ரகத்துக்கும் சேர்த்து, கம்பெனி எந்தெந்த அளவைப் பட்டியலில் கொடுத்திருக்கிறதோ அதற்குள் நிற்பது புத்திசாலித்தனம்.

கதையை முடிப்பதற்கு முன் இரண்டு பழைய உறவுக்காரர்களைப் பார்த்துவிடுவோம்.

2009-ல் மிஷெலின், தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டுக் கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகைக்கு வந்தது. சிப்காட் தொழிற்பூங்காவில் லாரி, பஸ் ரேடியல் டயர்கள் செய்யும் தொழிற்சாலை. அது சுலபமாக வரவில்லை. அந்த நிலத்தைத்தான் ஊர் மக்கள் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். போராட்டம் நடந்தது, வழக்குகள் நடந்தன. 2012-ல் பிரான்ஸ் அரசின் அமைப்பு வரைக்கும் புகார் போனது. டயரின் விலையில் ரப்பரும் எஃகும் மட்டும் இல்லை, யாரோ ஆடு மேய்த்த நிலமும் சேர்ந்திருக்கிறது. 2024-ல் அந்த நிறுவனம், கார் டயர்களையும் இங்கே செய்யப்போவதாக அறிவித்தது.

இன்னொரு பக்கம், மிட்சுபிஷி கதை முடிந்துபோன திருவள்ளூர் தொழிற்சாலைக்கு யார் வந்தார்கள் தெரியுமா? சிட்ரோயன்! 1970-களின் நடுவில் மிஷெலின் கையிலிருந்து பெஜோவிடம் போன அதே சிட்ரோயன். 2017-ல் பிர்லா குழுமத்தோடு கைகோத்து, 2021-ல் சி5 ஏர்கிராஸ், 2022-ல் சி3 என்று கார்களை இங்கிருந்து விட ஆரம்பித்தது. பாரிஸில் ஒரே மேஜையில் உட்கார்ந்து கார் செய்தவர்கள், அரை நூற்றாண்டு கழித்து ஒரே மாவட்டத்தில், ஆளுக்கொரு மூலையில் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். இரண்டு இன்ஜின் போட்டு நாலு சக்கர இழுவை செய்த அந்தக் கம்பெனி, இங்கே செய்யும் கார்களில் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது!

அடுத்த தடவை டயர் கடையில், 'சார், ஒரு சைஸ் பெரிசா போட்டுடலாமா?' என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் அளவும் காற்று அளவும் போட்டு. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால், அதைப் படித்துவிட்டு, கையோடு ஸ்டெப்னியின் நம்பரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.